கவிச்சிக் கூடை

மாசிலாமணி வீட்டு வாசலில் இறக்கி வைத்த கூடையில் மீன்கள் சாகவில்லை. கெளுத்தி சாகாமல் இருந்ததை முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஈரச்சாக்கில் போட்டால் கெளுத்தி ஒரு பகல் முழுக்கக் கிடந்து மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். விலாங்கு சாகாததையும் ஒப்புக்கொண்டோம், விலாங்கைத் துண்டு போட்ட பிறகும் அது சட்டிக்குள் நெளிவதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் மடவை அப்படிப்பட்ட மீன் இல்லை. மடவை வலையிலிருந்து படகுப் பலகையில் விழுந்ததும் நாலு துள்ளு துள்ளிவிட்டு அடங்கிப்போகும். அந்த மடவை மறுநாள் வெயில் ஏறிய பிறகும் கூடையின் மேலாகக் கிடந்து வாயைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான், குடத்தோடு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு லோகாம்பாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"ஏ அஞ்சலாட்சி! இந்த மடவை இன்னும் வாயை மூடலடி. என் மாமியாளுக்குக்கூடத் தூங்கறப்ப வாய் மூடும்."

உள்ளே, மாசிலாமணியின் மனைவி அஞ்சலாட்சி கதவைச் சாத்திக்கொண்டு, வாசலில் எதுவும் இல்லை என்பதுபோல, அவனுடைய சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூடை அங்கே எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் ஊர் கோரைத்திட்டு, ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்தில், ஒரு பக்கம் சுரபுன்னைக் காடும் ஒரு பக்கம் மணல்மேடுமாக இருக்கிறது. மாசி மாதம் வெள்ளத்தின் கலங்கல் அடங்கித் தண்ணீர் தெளிந்ததும் நகரத்திலிருந்து ஒரு கூட்டம் வரும். நாணல்போல வளைகிற தூண்டில் கழிகளும், பெட்டி பெட்டியாக பிளாஸ்டிக் மீன்களும், கறுப்புக் கண்ணாடிகளும் அவர்களிடம் இருக்கும். எங்கள் ஃபைபர் படகுகளில் ஏறிக்கொண்டு சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை போட்டி போட்டு மீன் பிடிப்பார்கள். அந்தப் போட்டியில் கொடுவா மட்டும்தான் கணக்கு. கொடுவாவைப் பிடித்தவர் அதை அளவுப்பலகையில் படுக்க வைத்து, நீளம் பார்த்து, கையில் ஏந்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, சிலர் அதன் தலையில் முத்தமும் கொடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். மருமகன் வந்தால் மட்டும் கொடுவாவை வீட்டுக்கு எடுத்துப்போகிற எங்களுக்கு அது பார்க்கச் சகிக்காத காட்சியாக இருந்தது.

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாத்துட்டு, போட்டோவும் எடுத்துக்கிட்டு, வேணாம்னு வுட்டுட்டுப் போறான் பாரு" என்று முதல் வருடம் ஊர்த் தலைவர் பக்கிரிசாமி சொன்னதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

ஆனால் தூண்டில் முள்ளுக்குக் கொடுவா எது, கெளுத்தி எது என்று தெரியாது. கொடுவாவுக்குப் போட்ட முள்ளில் கெளுத்தி மாட்டும், விலாங்கு மாட்டும், திருக்கைக் குட்டி மாட்டும், சும்மா பக்கத்தில் நீந்திப் போன மடவைக்குக் கன்னத்தில் குத்தும், கோபம் வந்தால் வயிற்றைப் பந்துபோல ஊதிக்கொள்கிற, தின்றால் ஆளைக் கொல்கிற பேத்தைகூட மாட்டும். கணக்கில் வராத அந்த மீன்களை முதல் வருடம் அவர்கள் கரையில் வீசிவிட்டுப் போனார்கள். கொடுவாவுக்கு இருந்த முத்தமும் மறுபடி தண்ணீரும் அவற்றுக்கு இல்லை. எங்கள் தண்ணீர் மீனை இப்படிப் போடக்கூடாது என்று பஞ்சாயத்தார் சொன்னார்கள். சரி, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டியை நடத்துகிற கிளப்பின் தலைவரான பல் டாக்டர் ரகோத்தமன் சொன்னார். எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. வேறொருவன் விளையாட்டில் செத்த மீனை விற்றால் நம் வலையில் மீன் படாது என்று ஒரு பேச்சு இருந்தது.

அப்போதுதான் அது கவிச்சிக் கூடைக்கு ஆகும் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் ஊரில் தண்ணீரில் ஒருவர் போய்விட்டால் காரியம் முடிந்த பிறகும் அந்த வீட்டில் மீன் சமைக்க மாட்டார்கள், அந்த வீட்டு ஆண்கள் வலையைத் தொட மாட்டார்கள், நம் வீட்டு உடம்பைத் தின்ற தண்ணீரிலிருந்து நாம் எடுத்துத் தின்பது எப்படி என்று இருப்பார்கள். வெளியூர்க்காரன் ஒருவன், வேண்டும் என்று நினைக்காமல் பிடித்த மீனை ஒரு கூடையில் கொண்டுவந்து வாசலில் வைக்க வேண்டும். வீட்டுப் பெண் அதை உள்ளே எடுத்துக் குழம்பு வைக்க வேண்டும். அதைத் தின்ற பிறகுதான் போனவர் போனவர், இருப்பவர் இருப்பவர், வீட்டுக்கும் தண்ணீருக்கும் மறுபடி பேச்சு உண்டு. முன்பெல்லாம் அப்படி ஒரு வெளியூர்க்காரன் வரும்வரை சில வீடுகள் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தன. போட்டி வந்த பிறகு அந்தக் கஷ்டம் போய்விட்டது. சாவும் அப்படித்தான் வந்திருக்கும், யாரையோ நினைத்துப் போட்ட முள்ளில் நம் ஆள் மாட்டிக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு ஆறுதலும் இருந்தது. வருடா வருடம் பல் டாக்டரே கூடையைச் சுமந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

அந்த வருடம் ஐப்பசியில் மாசிலாமணியும் அவன் தம்பி ராசப்பனும் முகத்துவாரத்தைத் தாண்டும்போது அலை படகைத் தூக்கி அடித்தது. படகு திரும்பி வந்தது, ராசப்பன் திரும்பி வந்தான். "திரும்பிப் பாத்தேன், அண்ணன் இல்ல" என்று மட்டும் சொன்னான். நாங்கள் வடக்கேயும் தெற்கேயும் கரையோரம் பார்த்துக்கொண்டே போனோம், ஒவ்வொரு ஊர்க்காரரிடமும் சொல்லி வைத்தோம், உடம்பு எங்கும் ஒதுங்கவில்லை. உடம்பு ஒதுங்காதவனைச் செத்தவன் என்று யார் முதலில் சொல்வது? ஊர்த் தலைவர் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். பக்கிரிசாமி இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அஞ்சலாட்சி வீட்டுவரை வருவார், அவள் தலையில் பூவும் நெற்றியில் பொட்டுமாக உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

"எந்த ஊர்லயாவது கரையேறியிருப்பாரு தலைவரே" என்பாள் அவள். "அவருக்கு வழி கேக்க வெக்கம். அதான் லேட்டாவுது."

மாசியில் போட்டி முடிந்தது. கணக்கில் வராத மீன்கள் கூடையில் விழுந்தன. கூடை எந்த வீட்டுக்கு என்று ஊர்ப் பையன்கள் பக்கிரிசாமியைக் கேட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வருடம் தண்ணீரில் வேறு யாரும் போகவில்லை. அவர் பேசாததையே பையன்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். பல் டாக்டருக்கு எதுவும் தெரியாது. வழக்கம்போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு, பையன்கள் காட்டிய வாசலில் செருப்பைக் கழற்றி, இறக்கி வைத்துக் கும்பிட்டார்.

அஞ்சலாட்சி வெளியே வந்தாள். "என்னா இது?"

"கவிச்சிக் கூடைம்மா. எங்க கிளப்ல எல்லாரும் ரொம்ப வருத்தப்பட்டோம். உங்க வீட்டுக்காரர்..."

"எங்க வூட்டுக்காரருக்கு என்னா?"

டாக்டர் பையன்களைத் திரும்பிப் பார்த்தார். பையன்கள் ஒருவன் பின்னால் ஒருவன் ஒளிந்தார்கள்.

"இந்த வூட்டுல யாரும் சாகல" என்றாள் அஞ்சலாட்சி. "வேற வூடு பாத்து எடுத்துட்டுப் போங்க."

ஆனால் வைத்த கூடையை வைத்தவர் எடுக்கக்கூடாது, ஊரார் தொடக்கூடாது, அந்த வீட்டுப் பெண் மட்டும்தான் எடுக்கலாம். அவள் எடுக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது, கூடை வாசலில் நின்றுவிட்டது, மீன்களும் சாகாமல் நின்றுவிட்டன.

முதலில் பூனைகளுக்குத்தான் அது புரிந்தது என்று நினைக்கிறேன். தெருவின் எல்லாப் பூனைகளும் கூடையைச் சுற்றி உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக எழுந்து போயின. ஈ வரவில்லை. காகம் கூரையில் வந்து உட்காரும், இறங்காது. நாற்றமே இல்லை, அப்போதுதான் பிடித்த மீனின் பச்சை வாசனை மட்டும் நாள் முழுவதும் தெருவில் இருந்தது. கூடையைத் தாண்டி நடக்கக்கூடாது என்று பஞ்சாயத்தில் பேசி, குழாயடிக்குப் போகிற வழியை லோகாம்பாள் வீட்டுக் கொல்லைப்புறமாகத் திருப்பினார்கள். அவளுடைய முருங்கை மரத்தில் இரண்டு கிளை ஒடிந்தது. மீனுக்கு வெயில் படாமல் நாலு கழி நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். மீன்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்டதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது, ஆனாலும் போகிற வருகிற பெண்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளித் தெளித்துவிட்டுப் போனார்கள், அழுகிற குழந்தையைக் கடந்து போகும்போது ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவதுபோல.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, கோலம் போட வந்த அஞ்சலாட்சி முதல்முறையாகக் கூடையைக் குனிந்து பார்த்தாள். கெளுத்தி மீசையை அசைத்தது. திருக்கைக் குட்டி ஓரத்தில் விசிறிபோல மேலும் கீழும் ஆடியது. மடவை வாயைத் திறந்து மூடியது, அதன் கன்னத்தில் தூண்டில் முள் இன்னும் இருந்தது. அவள் நிமிர்ந்து, தெருவில் நின்றிருந்த எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

"பாத்தீங்களா? சாகல. அவரு இருக்காரு, அதான் இதுங்களும் இருக்கு."

 யோசித்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் இருந்தது. சாவு இல்லாத வீட்டுக்கு வந்த கவிச்சி எப்படிச் சாகும்? அன்றையிலிருந்து நாங்கள் மாசிலாமணியைப் பற்றி இருக்கிறான் என்றே பேச ஆரம்பித்தோம். அவன் வந்தால் சொல்ல வேண்டிய செய்திகளைச் சேர்த்து வைத்தோம். அவனுக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்த நங்கூரக் கயிற்றைக்கூட அவன் வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அதன் சொந்தக்காரர் விட்டுவிட்டார். ராசப்பன் மட்டும் அந்தப் பேச்சு வந்ததும் எழுந்து, கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் போய் உட்கார்ந்துகொள்வான்.

செய்தி வெளியே போனது. காணாமல் போனவர்களின் வீட்டார் வர ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் இவ்வளவு பேர் காணாமல் போயிருக்கிறார்கள் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்குப் போய் போன் வராதவன், மேஸ்திரியோடு வடக்கே போனவன், கடைக்குப் போய் வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவன், திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட குழந்தை. அவர்களுடைய போட்டோக்களைக் கீற்றில் செருகினார்கள். மடவை வாயைத் திறக்கும்போது பெயரைச் சொன்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியும் என்று யாரோ கிளப்பிவிட, மக்கள் வரிசையில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். மடவை எல்லாப் பெயருக்கும் வாயைத் திறந்தது, எல்லாரும் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். பஸ் கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, "மீன் வூடு, மீன் வூடு எறங்கு" என்று கூவினார். லோகாம்பாள் ஒரு பெஞ்சு போட்டு டீ விற்றாள். "முருங்கைக் கெளைக்கு இது சரியாப் போச்சு" என்றாள்.

வந்தவர்களில் பூரணி என்கிற அம்மாள் மட்டும் திரும்பிப் போகவில்லை. அவள் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். ஒரே மகன், லாரியில் கிளீனராகப் போனவன், போன தீபாவளியிலிருந்து போன் அணைந்து கிடக்கிறது. அவள் ஒரு கட்டைப்பையோடு வந்து கீற்றுப் பந்தலின் ஓரமாக உட்கார்ந்தாள், காலையில் அஞ்சலாட்சிக்கு முன்னால் எழுந்து வாசல் பெருக்கினாள், பிறகு அந்த வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் எதையும் அதிகமாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். உலையில் இப்போது மூன்று பேருக்கு அரிசி வெந்தது.

பங்குனியில் பல் டாக்டர் தனியாக வந்தார், கழியோ கறுப்புக் கண்ணாடியோ இல்லாமல். கூடையின் முன்னால் முழங்காலிட்டு, சின்ன டார்ச் அடித்து, நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல மடவையின் வாயைப் பார்த்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. லோகாம்பாள் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அவர் அழுதுகொண்டிருந்தது தெரிந்தது.

"நாங்க இதையும் விட்டிருக்கணும்" என்றார். "கொடுவாவை விட்ட மாதிரி எல்லாத்தையும் விட்டிருக்கணும். அஞ்சலாட்சியம்மா, நீங்க சொன்னா இப்பவே தண்ணியில விட்டுடலாம். பொழைச்சுக்கும்."

அவள் யோசித்தாள். மீன் தண்ணீரில் நீந்துவதை மறுக்க அவளுக்கும் காரணம் எதுவும் தோன்றவில்லை. கூடையைத் தூக்காமல், கெளுத்தியை மட்டும் இரண்டு கையால் எடுத்துக்கொண்டு, ஊர் முழுக்கப் பின்னால் வர, படித்துறைக்குப் போய் விட்டாள். கெளுத்தி நீந்தவில்லை, முழுகவும் இல்லை. பக்கவாட்டில் சாய்ந்து, கரையில் கிடந்தபோது எப்படி மூச்சுக்குத் தவித்ததோ அப்படியே தண்ணீரிலும் தவித்துக்கொண்டு, கடல்நீர் இறங்குகிற வற்றத்தோடு கொஞ்சதூரம் போய், அது ஏறியபோது திரும்பி வந்து, அதே படியில் ஒதுங்கியது. அவள் அதை எடுத்து வந்து மறுபடி கூடையில் வைத்தாள். டாக்டர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ் நிறுத்தம்வரை நடந்து போனதைப் பார்த்தோம்.

இதற்கிடையில் ராசப்பனுக்குப் பேசி வைத்திருந்த அக்கரைப் பெண்ணின் அப்பா வந்து, வீட்டுக்குள் வராமல் பந்தலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. கல்யாணத்தை வெக்கலாமா, ஒரு வருசம் தள்ளலாமான்னு கேட்டுப் போவத்தான் வந்தேன். இது துக்க வூடுன்னா தள்ளிவெக்கிறோம். துக்கம் இல்லன்னா, மூத்தவர் வந்து தாம்பூலம் மாத்தணும். நீங்க என்னான்னு சொன்னா நாங்க அதுக்குத் தக்கன செஞ்சுக்கறோம்."

"மூத்தவர் வந்ததும் மாத்துவாரு" என்றாள் அஞ்சலாட்சி.

ராசப்பன் படகு நிழலிலிருந்து எழுந்து வந்திருந்தான். "அண்ணி, எனக்குக் கல்யாணமே வாணாம். அதுக்காகச் சொல்லல. நான் வலையத் தொட்டு எத்தினி நாளாவுது தெரியுமா? தொடலாமா வாணாமான்னே தெரியல. எனக்கும் அவரு அண்ணன்தான்."

"அப்ப நீயே சொல்லு, அவரு இல்லன்னு. ஊரே சொல்லாதத நீ சொல்லு பாப்போம்."

அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு போய்விட்டான்.

சித்திரை பிறந்தது, கத்திரி வெயில் வந்தது, ஆற்றில் தண்ணீர் இறங்கி உப்பு ஏறியது, போட்டோவோடு வருகிறவர்கள் குறைந்தார்கள், லோகாம்பாள் பெஞ்சை உள்ளே எடுத்துப் போட்டாள். அந்த வெயிலில் தெரு அடங்கிக் கிடக்கும்போதுதான் மீன்கள் மூச்சு வாங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்க ஆரம்பித்தது. ஈரமான உதடுகள் பிரிகிற சின்னச் சத்தம்தான். முதலில் பக்கத்து வீடுகளில் கேட்டது, பிறகு தெருக்கோடியில் கேட்டது, பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடம் சொல்லும்போது நடுவில் கேட்டது, ரேடியோவைச் சத்தமாக வைத்தாலும் பாட்டுக்கு அடியில் கேட்டது. எங்களை அறியாமல் நாங்களும் அந்தக் கணக்கில் மூச்சு விட்டோம். சாப்பிடும்போது வாய் பாதியில் நின்றது. கைக்குழந்தைகள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தன. இத்தனை நாளாக அது சாகவில்லை, சாகவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, சாகாமல் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அதைப் போய் அவளிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

அஞ்சலாட்சி கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இருப்பாள், தண்ணீர் தெளிப்பாள், மறுபடி வீசுவாள். ஒருநாள் மதியம், பூரணி சோறு பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அஞ்சலாட்சி வாங்கின உருண்டையைக் கீழே வைத்துவிட்டு ராசப்பனைக் கூப்பிட்டனுப்பினாள். அவன் வந்து பந்தல் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது அங்கே பக்கிரிசாமியும் லோகாம்பாளும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள், அதனால் பேசியது இதுதான் என்று என்னால் சொல்ல முடிகிறது.

"ராசப்பா, ஒண்ணு கேக்கறேன். இத்தினி நாளா நான் கேக்கல, நீயும் சொல்லல."

"கேளுங்க அண்ணி."

"அவரு தண்ணில வுழுந்த பொறவு, நீ அவரைப் பாத்தியா?"

அவன் கழியை விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டான். "ஒரு தடவ மேல வந்தாரு."

"கூப்பிட்டாரா?"

"வாயத் தொறந்தாரு அண்ணி. தொறந்து தொறந்து மூடினாரு. என்னைத்தான் பாத்தாரு. சத்தம் வரல."

அஞ்சலாட்சி மடவையைப் பார்த்தாள். அது வாயைத் திறந்தது, மூடியது.

"எவ்ளோ நேரம்?"

"கொஞ்ச நேரந்தான் அண்ணி. ரொம்பக் கொஞ்ச நேரம். அதுக்குள்ள நான் துடுப்பை நீட்டறதுக்குள்ள..."

விசிறி நின்றுவிட்டது. பிறகு அவள், யாரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"கொஞ்ச நேரத்துல முடிஞ்சத நான் இத்தினி நாளா முடியவுடாம வெச்சிருக்கேன்."

அவள் எழுந்து இரண்டு கையாலும் கூடையைத் தூக்கினாள். தூக்கி, வாசற்படியைத் தாண்டி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள். அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லோகாம்பாள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அருவாமனையை எடுங்க யக்கா" என்றாள் அஞ்சலாட்சி.

பூரணி எடுக்கவில்லை. ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாண்டி. உன்னைக் கும்புட்டுக் கேக்கறேன். நானும் அதுங்கிட்ட பேரைச் சொல்லியிருக்கேன். இது செத்துட்டா என் புள்ளை..."

"யக்கா." அஞ்சலாட்சி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "இது என் வூட்டு மீனு. உங்க மீனு இன்னும் தண்ணில இருக்கு."

முதலில் மடவையின் கன்னத்திலிருந்து தூண்டில் முள்ளை நோகாமல் கழற்றினாள். பிறகு அதை அருவாமனையில் வைத்து, போய்ட்டு வா என்று சொல்லாமல், "போ" என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொரு மீனுக்கும் அப்படிச் சொன்னாள். அன்று காலை பிடித்த மீனைப்போல ரத்தம் சிவப்பாக வந்தது. ஒவ்வொன்றாக வாய்கள் நின்றன. கடைசி மீனும் நின்றபோது தெருவில் எழுந்த அமைதி, ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் அணைந்ததும் வருமே, அப்படி இருந்தது. தெருக்கோடியில் ஒரு கைக்குழந்தை உடனே தூங்கிப்போனது என்று பிறகு சொன்னார்கள்.

பேத்தை மட்டும் மிச்சமிருந்தது. அதை அவள் வெட்டவில்லை. தின்ன முடியாத மீனை வெட்டி என்ன செய்வது? கையில் எடுத்துப் "போ" என்றதும், ஊதியிருந்த வயிற்றிலிருந்து காற்று மெல்ல இறங்கி அது அடங்கிவிட்டது.

"இத என்னாம்மா பண்றது?" என்று கேட்டார் பக்கிரிசாமி. "பூனைகூடத் தொடாதே."

"அவருக்குன்னு ஒரு ஒடம்பு வேணுமில்ல. இதுவே இருக்கட்டும்."

மாசிலாமணியின் வேட்டியில் பேத்தையைச் சுற்றினார்கள். பாடை கட்டினார்கள். ஒரு கைக்குள் அடங்குகிற மீனுக்கு நாலு பேர் வேண்டாம், ஆனாலும் நாலு பேரும் தோள் கொடுத்தார்கள், கனமான உடம்பைச் சுமக்கிறவர்களைப்போல மெதுவாக நடந்தார்கள். ராசப்பன் முன்னால் சட்டி தூக்கிப் போனான். மணல்மேட்டில் ஆள் நீளத்துக்கே குழி வெட்டி, நடுவில் அதை வைத்து மூடினார்கள். பக்கிரிசாமி முதல் பிடி மண்ணைப் போடும்போது, "அன்னைக்கு நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும் மாசிலாமணி" என்றார். காரியத்துக்கும் கவிச்சிக்கும் நடுவில் இருக்க வேண்டிய நாட்களை அந்தப் பெண் ஏற்கெனவே கழித்துவிட்டாள், இனி காத்திருக்கத் தேவையில்லை என்றும் அவரே சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் தலை முழுகி, வெறும் நெற்றியோடு குழம்பு வைத்தாள். பெரிய சட்டியாக வைத்தாள், ஊருக்கு ஆளுக்கு ஒரு கரண்டியாவது வர வேண்டும் என்று புளியும் மிளகாயும் கூடப்போட்டாள். வாசலில், கூடை இருந்த இடத்தில் இலை போட்டார்கள். அவள்தான் முதலில் சாப்பிட வேண்டும். சோற்றில் மடவைத் துண்டைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை, மூடினாள். மறுபடி திறந்தாள், மூடினாள். ராசப்பன் அதைப் பார்க்க முடியாமல் இலையிலிருந்து எழுந்துவிட்டான். மூன்றாவது முறையோ நாலாவது முறையோ திறந்தபோது சத்தம் வந்தது. ஐப்பசியிலிருந்து அவளுக்குள் இருந்த அழுகை அது, ஆனால் அதில் பாதி அவள் குரல்போலவே இல்லை. முகத்துவாரத்தில் ஒரு ஆண் வாயைத் திறந்து கூப்பிட முடியாமல் போன சத்தமும் அதோடு சேர்ந்து வந்தது என்று ராசப்பன் இன்றைக்கும் சொல்கிறான். அது ஓயும்வரை நாங்கள் காத்திருந்துவிட்டு, பிறகு சாப்பிட்டோம். குழம்பு நன்றாக இருந்தது. சாதாரண மடவை மாதிரியே இருந்தது.

பூரணி மட்டும் சாப்பிடவில்லை. அவளை யாரும் வற்புறுத்தவும் இல்லை. மறுநாள் காலை வாசலைப் பெருக்கி, கீற்றில் செருகியிருந்த மகனின் போட்டோவை எடுத்துத் துடைத்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அஞ்சலாட்சியின் தலையைத் தடவிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ராசப்பன் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனான். தோளில் அவன் வலை இருந்தது, பஸ் ஏற்றிவிட்டு அப்படியே கரைக்குப் போவதற்காக.

"இந்தப் போட்டி மறுபடி எப்போ தம்பி வரும்?" என்று கேட்டாள் பூரணி.

"மாசியில வரும்மா. ஆனா இனிமே கூடை கெடையாது. டாக்டர் சொல்லியனுப்பிட்டாரு. கொடுவாவோ எதுவோ, மாட்டினது எல்லாத்தையும் முள்ளக் கழட்டி உடனே தண்ணியில வுட்டுடப் போறாங்களாம்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பழக்கதோஷத்தில் "மீன் வூடு" என்று கூவினார். பூரணி படியில் ஒரு காலை வைத்து, திரும்பி, வெயிலில் மின்னிக்கொண்டிருந்த முகத்துவாரத்தைப் பார்த்தாள்.

"வுட்டுடட்டும் தம்பி. தண்ணிக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள்.